அளவு சரி, படம் வரவில்லை

அந்தக் கட்டைவிரல் வந்ததும் கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

திரையில் ஒரு மணப்பெண்ணின் பின்கழுத்து தெரியும். மஞ்சள் கயிறு தெரியும். கயிற்றில் முடிச்சுப் போடும் இரண்டு கைகள் தெரியும். முடிச்சுகள் விழுந்து கைகள் விலகும் நேரத்தில், இடது ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் உள்ளே வரும். பாதி விரல்கூட வந்திருக்காது, எல்லாம் உறைந்துவிடும். மவுஸ் நகராது. கீபோர்டைத் தட்டினால் பதில் வராது. உள்ளே ஃபேன் மட்டும் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருக்கும்.

கைகள் என்னுடையவை. கட்டைவிரல் என் வீட்டுக்காரருடையது.

போன வாரம் கல்யாணப் பந்திகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "சாம்பார் போதும், உங்கள் வேலையைப் பற்றி எழுதுங்கள்" என்று ஒரு வாசகி கண்டித்திருந்தார். எழுதுகிறேன் தாயே. என் வேலை, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வது. பாதி நாள் அந்த வேலை, கம்ப்யூட்டர் எப்போது எழுந்திருக்கும் என்று கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பதுதான்.

மழையில் நடந்த கல்யாணம்

தேவகி அக்கா முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருக்கிறார். ஜாக்கெட் தைப்பவர். வாய் மிஷினைவிட வேகம். அவர் மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு நான் கேமரா, என் வீட்டுக்காரர் ஏழுமலை லைட்.

முதல் நாள் பிடித்த மழை விடவே இல்லை. மண்டப வாசலில் முழங்கால் தண்ணீர். பாதி சொந்தக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீதிப் பாதி வரவே இல்லை.

வராதவர்களில் ஒருவர் மாப்பிள்ளையின் அக்கா அம்சா. அப்பா அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். ஊத்துக்கோட்டைப் பக்கம் தரைப்பாலம் முழுகிப்போய், பட்டுப்புடவையோடு காருக்குள் உட்கார்ந்தபடி போனில் அழுதுகொண்டிருந்தார். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, அடுத்த இரண்டையும் நாத்தனார்தான் போடவேண்டும். போடவேண்டிய நாத்தனார் தண்ணீருக்கு அந்தப் பக்கம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது. ஜெனரேட்டர் இருமிக்கொண்டே இருந்ததே தவிர உயிர் பிடிக்கவில்லை. எங்கள் பேட்டரி லைட் மட்டும்தான் எரிந்தது. மாப்பிள்ளை வழியில் வேறு பெண்பிள்ளை யாரும் வந்து சேரவில்லை. தேவகி அக்கா நாலு பக்கமும் பார்த்தார், கடைசியில் என் தோளைப் பிடித்தார்.

"மலரு, கேமராவ உன் ஊட்டுக்காரர் கைல குடு. நீ வந்து முடிச்சு போடு."

"ஐயோ, நானா? நான் எப்படிக்கா..."

"நல்ல நேரம் போய்கினே கீது. நீ போடு, அப்பால பேசிக்கலாம்."

போட்டேன். முகம்கூடத் தெரியாத ஒரு பெண்ணின் உரிமையை எடுத்துக்கொள்வதுபோல் இருந்தது. என் வீட்டுக்காரர் லைட்டை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். மற்றவர்கள் போனில் எடுத்த படமெல்லாம் ஒரே இருட்டு. அந்த முடிச்சுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி, அவர் எடுத்த அந்தத் துண்டுதான். அதிலும் விரலை நுழைத்திருந்தார்.

அந்த விரலை மட்டும் வெட்டி எறிந்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் போவேன். விரல் வரும். கம்ப்யூட்டர் நிற்கும். கேமரா புதிது, கம்ப்யூட்டர் பழையது. அது படம் பிடித்துக் கொட்டுவதை இதால் விழுங்க முடியவில்லை.

மாதங்கள் ஓடின. ஒருநாள் தேவகி அக்கா போன் செய்தார்.

"பொண்ணுக்கு ஏழாம் மாசம். அடுத்த ஞாயித்துக்கெழம வளைகாப்பு. படம் எங்கம்மா?"

"முக்காவாசி முடிஞ்சிடுச்சிக்கா."

"இதத்தான் அவ வாந்தி எடுத்துகினு இருந்தப்பவும் சொன்ன."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

சற்று நேரத்தில் அம்சா அக்காவே போன் செய்தார். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "எனக்கு முழுப் படம் கூட வேணாம்மா. என் முடிச்ச யாரோ போட்டாங்களாமே, அந்த ஒரு எடம் காட்டினா போதும். ஞாயித்துக்கெழம வந்துட்டு சாயங்காலமே கிளம்பிடுவேன்" என்றார்.

கண்டிப்பாகக் காட்டுகிறேன் என்றேன். அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. போனை வைத்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. எப்பாடுபட்டாவது அந்தத் துண்டை ஓடவைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அளந்து பார்க்கும் மனிதர்

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் அவருக்கு. மிஷினிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து, சரியென்றால் அனுப்புவார், இல்லையென்றால் சிவப்பு பெயின்ட் அடிப்பார். அங்கே இருக்கிற சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. உருப்படி பாஸ் என்றால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். விரல் உயர்ந்தால்தான் சரக்கு நகரும்.

வெர்னியர் எனும் அளவுகோல் அவர் சட்டைப்பையில் பேனா மாதிரி எப்போதும் இருக்கும். கல்யாணமான புதிதில், நான் சுட்ட தோசையை ஓரத்திலும் நடுவிலும் அளந்து பார்த்து, "நடுவுல கொஞ்சம் தடிமன்" என்றார். இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பூஜை அலமாரியில் மட்டக்கோலை வைத்துவிட்டு, சாமி கிழக்கே சாய்ந்திருக்கிறது என்று அறிவித்தார். சாம்பார் நன்றாக இருந்தாலும் வாயைத் திறந்து சொல்லமாட்டார். விரல்தான் உயரும். உயராத நாளில் ஊறுகாயை நகர்த்திவைக்கவேண்டும் என்று அர்த்தம்.

"முழு கம்ப்யூட்டர் எதுக்கு மாத்தணும்? மண்டைய மட்டும் மாத்துனா போதும்" என்றார்.

மண்டை என்று அவர் சொன்னது பிராசஸரை. கம்ப்யூட்டருக்குள் மதர்போர்டு என்று ஒரு பெரிய பலகை இருக்கிறது. அதன் நடுவில் சதுரமாக ஓர் இருக்கை. அதற்குப் பெயர் சாக்கெட். முடியைவிட மெல்லிய கம்பிகள் அதில் வரிசையாக நிற்கும். அதன்மேல் பிஸ்கட் போன்ற ஒரு சதுரத் தகடு உட்காரும். அதுதான் பிராசஸர். எங்கள் இருக்கையின் ஓரத்தில் 1151 என்று ஓர் எண் அச்சிட்டிருந்தது. அதே எண் போட்ட, இன்னும் வேகமான பிராசஸர் ஒன்றைக் கம்பெனி கேன்டீனில் அறிமுகமான ஒருவர் விற்பதாகச் சொன்னாராம். வாங்கி வந்துவிட்டார்.

வாங்கியதோடு விடவில்லை. எங்கள் பழைய பிராசஸரைக் கழற்றி, டப்பாவில் பஞ்சு வைத்து, புதியதையும் பழையதையும் கம்பெனிக்கே எடுத்துப்போனார். அங்கே அளக்கும் கருவிகள் இன்னும் துல்லியமாம். சாயங்காலம் திரும்பியவர் முகத்தில் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்த பூரிப்பு.

"பழசு முப்பத்தேழரை மில்லி. புச்சும் முப்பத்தேழரை. ஓரத்துல வெட்டு கீது பாரு, அதுவும் அதே எடம். நம்பரும் அதே. இன்னும் இன்னா வேணும் உனுக்கு?"

"ஓடணும்."

"அளவு சரியா கீது, ஓடாம எங்க போவும்?"

பொருந்தியது

பொருந்தியது. அதை நான் மறுக்கமாட்டேன். விரல் நுனியால் பிராசஸரை வைத்தார், மெத்தையில் குழந்தையைப் போட்டதுபோல் உட்கார்ந்தது. மூடியை அழுத்தினார், கிளிப் மாட்டியது. மேலே பசை தடவி, ஃபேனை முறுக்கி, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

நான் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு ஆரம்பித்தது வைத்தியம். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். மானிட்டர் மேல் சந்தேகப்பட்டு டிவியில் மாட்டினார். ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். நம் ஊரில் கம்ப்யூட்டர் எந்த வியாதியில் படுத்தாலும் ரேமை ரப்பரால் தேய்ப்பதுதான் முதல் மருந்து. ரப்பர் பாதி கரைந்தது, படம் வரவில்லை. பிராசஸரை வெளியே எடுத்து இன்னொரு முறை அளந்தார். முப்பத்தேழரைதான். திரும்ப வைத்தார். கறுப்புதான்.

"சரி, உடுங்க" என்றேன். "பழச எடுங்க. அதையே மாட்டிடலாம். நின்னு நின்னு ஓடினாலும் அது ஓடும்."

அவர் கேபிள்களைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஏங்க, பழசு எங்க?"

மெதுவாகப் பேன்ட் பையில் கையை விட்டார். ஸ்கூட்டர் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். சாவியோடு ஒரு வளையம். வளையத்தில் எங்கள் பழைய பிராசஸர் பளபளவென்று தொங்கியது.

எஸ்டேட் ஆட்களுக்கு இது ஒரு வழக்கம். வேலை முடிந்த உருப்படி எதுவானாலும் அதில் ஒரு துளை போட்டுச் சாவிக்கொத்து ஆக்கிவிடுவார்கள். எங்கள் பீரோ சாவி ஒரு பேரிங்கில் தொங்குகிறது. மாடிச் சாவி ஒரு பல்சக்கரத்தில். ஆவடி வட்டாரத்தில் பாதி வீடுகளின் கதவு, ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்கிராப்பால்தான் திறக்கிறது. அளவு பாஸாகிவிட்டதால் பழையது இவர் கணக்கில் ஸ்கிராப்.

"மாட்டிப் பாக்கறதுக்குள்ள இன்னா அவசரம் உங்களுக்கு?"

"மத்தியானம் டிரில்லிங் மிஷின் சும்மா இருந்துச்சி" என்றார்.

மூலையில் சின்னதாக ஒரு துளை. பிசிறு தட்டி, ஓரம் வழித்து, அழகாகத்தான் செய்திருந்தார். அந்த அழகுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கையெடுத்துக் கும்பிட்டேன். அதற்குமேல் அவரிடம் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பாஷா பாய் சிரித்தார்

மறுநாள் கம்ப்யூட்டர் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து ஆவடி மார்க்கெட்டுக்குப் போனேன். வழி முழுவதும் சாவியில் அந்தப் பிராசஸர் ஆடிக்கொண்டே வந்தது. நான் பேசவில்லை.

பாஷா பாய் மார்க்கெட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். கேபினெட்டைத் திறந்தார். நாங்கள் வாங்கிய பிராசஸரை அவர் தொடவே இல்லை. மதர்போர்டின் ஓரத்தில் இருந்த பெயரை மட்டும் டார்ச் அடித்துப் படித்தார். பிறகு சிரித்தார்.

"அண்ணாத்தே, இது ஆறாவது தலமொறைக்கு வந்த போர்டு. நீங்க ஒம்போதாவது தலமொறய கொண்டாந்து குந்த வெச்சுகீறீங்க."

"நம்பர் ஒண்ணுதானே பாய்? ஆயிரத்து நூத்தி அம்பத்தொண்ணு."

"நம்பர் ஒண்ணுதான். சீட்டும் ஒண்ணுதான். ஆனா கரண்ட் போற வழி வேற. எட்டாவது தலமொறயில உள்ளுக்குள்ள வழிய மாத்திட்டாங்க, பேர மாத்தல. அதுக்கு வேற போர்டு வேணும்."

"அளவு கரெக்டா கீதே பாய்."

"அளவு கரெக்டு. அத யாரு இல்லன்னாங்க?"

என் வீட்டுக்காரர் முகம் தொங்கிப்போனது. சரியாகப் பொருந்தும் பொருள் சரியாக வேலை செய்யும் என்ற நம்பிக்கையில்தான் அவர் இத்தனை வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறார். கோபத்திலும் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, புதிய பிராசஸரை வைத்துக்கொண்டு போர்டை மாற்றுவது. போர்டை மாற்றினால் பழைய ரேம் அதில் ஏறாது, அதையும் மாற்றவேண்டும். அப்புறம் பவர் சப்ளை தாங்காது என்பார்கள். கடைசியில் பழசு என்று மிஞ்சப்போவது கேபினெட் மேல் இருக்கும் ஆயுத பூஜைக் குங்குமம் மட்டும்தான்.

இன்னொரு வழி, இதே ஆறாவது தலைமுறையில் இருப்பதிலேயே பெரிய பிராசஸரைத் தேடிப் பிடிப்பது.

"இந்த போர்டுல எதெது ஓடும்னு கம்பெனிக்காரங்களே அவங்க வெப்சைட்டுல போட்டு கீறாங்க. மொதல்ல போர்டு பேரு. அப்பால அதுக்கு எது ஓடும்னு பாக்கணும். கடசியாதான் வாங்கப் போணும். எல்லாரும் வாங்கிகினு வந்துட்டு என்கிட்ட வந்து பேரப் பாக்கறாங்க. நான் தேடிப் பாக்கறேன், கெடச்சா இத எடுத்துகினு அத குடுக்கறேன். அது வரைக்கும் பழசு இருந்தா குடுங்க அண்ணாத்தே, மாட்டி உடறேன்."

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தார்.

பாய் அதைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, துளை வழியாக ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"சூப்பரா போட்டுகீறீங்க அண்ணாத்தே. பிசிறே இல்ல."

தொங்கிப்போயிருந்த முகம் லேசாக மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

விரல் உயர்ந்தது

சனிக்கிழமை மதியம்வரை பாயிடமிருந்து தகவல் இல்லை. தேவகி அக்காவின் போனை எடுக்காமல் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடந்தேன். அம்சா அக்காவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எந்தப் பொய்யும் வாயில் நிற்கவில்லை.

மூன்று மணி போலப் பாய் கூப்பிட்டார். ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட மிஷினிலிருந்து ஒன்று கிடைத்துவிட்டதாம். அவரே வீட்டுக்கு வந்து மாட்டினார். இதையும் அளக்கலாமா என்று என் வீட்டுக்காரரின் கை சட்டைப்பை வரை போனது. நான் பார்த்த பார்வையில் திரும்பிவிட்டது.

சுவிட்சைப் போட்டோம். படம் வந்தது.

மறுபடி விரலைத் தேடிப்போய் வெட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. மிச்சமிருந்த பாடலைச் சேர்த்து, பெயர்களைச் சேர்த்து, கடவுளே என்று அப்படியே முழுப் படமாகப் பென் டிரைவில் ஏற்ற இரவு போட்டுவிட்டேன். காலையில் பென் டிரைவைப் பிடுங்கியபோது அது சூடாக இருந்தது. ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல் கிளம்பினோம். எடிட்டர் செய்யக்கூடாத காரியம்.

முகப்பேரில் அந்தக் குடியிருப்பின் மாடியில் பந்தல். நித்யா இரண்டு கையும் கொள்ளாமல் கண்ணாடி வளையலோடு உட்கார்ந்திருந்தாள். தேவகி அக்கா வீட்டு டிவியை மாடிக்கே தூக்கி வந்திருந்தார்கள். புளியோதரை வாசனை. ஒரே இரைச்சல். டிவிக்கு நேர் எதிரில், எதையும் சாப்பிடாமல், அம்சா அக்கா.

மழை வந்தது. முழங்கால் தண்ணீர் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். இருட்டு வந்தது. அப்புறம் அந்தப் பின்கழுத்து, மஞ்சள் கயிறு, இரண்டு கைகள்.

அம்சா அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். முடிச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. இடது ஓரத்திலிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. பழக்கதோஷத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

படம் நிற்கவில்லை. கண்ணைத் திறந்தேன். விரல் முழுவதுமாக உள்ளே வந்து, முடிச்சுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. அசையாமல் நின்றது. லென்ஸை மறைத்த விரல் என்றுதான் இத்தனை மாதம் நினைத்திருந்தேன். அது மறைக்கவில்லை. பாஸ் சொல்லியிருக்கிறது.

"யாரு வெரலும்மா அது?" என்றார் அம்சா அக்கா.

"எங்க ஊட்டுக்காரர் வெரலுக்கா. கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன். முடிச்சு சரியா விழுந்துடுச்சி, ஓகேன்னு காட்றாரு."

அவர் கண்ணில் தண்ணீரோடு சிரித்துவிட்டார். "நானே வந்திருந்தாலும் இவ்ளோ செக்கிங் நடந்திருக்காது" என்றார். பிறகு டிவியிலிருந்த கைகளைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். என் வலதுகையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தபா போடு."

போட்டேன். விரல் மறுபடி உயர்ந்தது. இந்தத் தடவை மாடியே கைதட்டியது.

என் வீட்டுக்காரர் படிக்கட்டு ஓரமாக நின்று, ஸ்கூட்டர் சாவியைச் சுற்றிக்கொண்டு, கீழே எதையோ பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். சாவி வளையத்தில் பிராசஸரைப் பார்த்த நாளிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கைதட்டலும் வளையல் சத்தமுமாக இருந்த அந்த இரைச்சலில், இங்கிருந்து பேசினால் அவருக்குக் கேட்காது.

அவர் நிமிரும்வரை காத்திருந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.